மூன்றுக்கு எட்டு ஆகாது

பள்ளி விடுமுறைக்குப் பேரன் எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்தான். பதினேழு வயது. இரண்டு நாள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தவன், மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தான். "தாத்தா, நீங்க சூதாட்டக் கூடத்துல வேலை பார்த்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. என்ன ஆட்டம் தாத்தா அது?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் நான் அந்த வேலையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆனால் எங்கேயோ எவனிடமோ அரைகுறையாகக் கற்றுக்கொள்வதைவிட என் வாயால் கேட்டுக்கொள்ளட்டும் என்று தோன்றியது. பல்லாங்குழிக்காக என் மனைவி சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டை டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். வீட்டில் இரண்டு சீட்டுக்கட்டு இருந்தது. கூடத்தில் எட்டுக் கட்டைக் கலந்து, 416 சீட்டையும் 'ஷூ' என்கிற பெட்டியில் அடுக்கி ஒவ்வொன்றாக உருவுவோம். வீட்டுக்கு இரண்டு கட்டு போதும்.

நான் அந்த வேலைக்குப் போனது ஐம்பத்து மூன்று வயதில். அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு கப்பல் பட்டறையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்குறைப்பில் வேலை போயிற்று. அப்போதுதான் சிங்கப்பூரில் முதன்முறையாகச் சூதாட்டக் கூடங்கள் வந்தன. 2010 பிப்ரவரியில் செந்தோசாவில் ஒன்று, ஏப்ரலில் மரினா பேயில் இன்னொன்று. அவற்றில் ஒன்றில் சீட்டுப் போடும் டீலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பயிற்சி வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் என் மகள் வயதுப் பிள்ளைகள். அவர்கள் என்னை அங்கிள் என்பார்கள். கிடங்கில் ஆயிரம் சாமானுக்குக் கணக்கு வைத்திருந்தவனுக்கு ஒரு சீட்டாட்டம் பெரிதா என்று நினைத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன்.

பக்கரா என்பது அந்த ஆட்டத்தின் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் வளர்த்த ஆட்டம். அவர்கள் ஆட்டத்தில் கையில் உள்ள சீட்டின் மதிப்பு சுழியாகி, அதாவது பூஜ்யமாகிவிட்டால் அந்தக் கைக்கே பக்கரா என்று பெயர். ஒன்றுமில்லை என்பதைப் பெயராகச் சூடிக்கொண்ட ஆட்டம் இது என்று பயிற்சியாளர் சொன்னபோது வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்கு அந்தப் பெயர் அன்றே மனதில் தைத்துவிட்டது.

கணக்கு எளிது. பேரனுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. ஏஸ் என்றால் ஒன்று. இரண்டிலிருந்து ஒன்பது வரை சீட்டில் உள்ள எண்தான். பத்து, ஜாக், ராணி, ராஜா நாலுக்கும் மதிப்பு பூஜ்யம். கூட்டினால் பத்தோ அதற்கு மேலோ வரும்போது முன்னால் நிற்கும் இலக்கத்தை விட்டுவிட வேண்டும். ஏழும் எட்டும் பதினைந்து. ஆட்டத்தில் அது ஐந்து. மிக உயர்ந்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் சேர்ந்து வந்தாலும் சுழிதான். "ரம்மியில ராஜா வந்தா சந்தோஷப்படுவோமே தாத்தா" என்றான். இந்த மேசையில் சின்னச் சீட்டுக்குத்தான் மரியாதை என்றேன்.

மேசையில் இரண்டே கைகள். ஒன்றுக்குப் பிளேயர் என்று பெயர், மற்றதற்குப் பேங்கர். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். பிளேயர் என்றால் நாம், பேங்கர் என்றால் கூடத்துக்காரர் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கருப்பாடு, வெள்ளாடு என்று இரண்டு ஆட்டுக்குப் பெயர் வைத்த மாதிரி அவை வெறும் பெயர்கள். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் பணம் வைக்கலாம். இரண்டும் சமமாக முடியும் என்று 'டை' மேலும் வைக்கலாம். பணத்தை வைத்த பிறகு ஆடுகிறவர் செய்ய ஒன்றுமே இல்லை. இன்னொரு சீட்டு வேண்டுமா வேண்டாமா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. எல்லாம் விதிப்படி நடக்கும். பழைய பிரெஞ்சு ஆட்டத்தில், கையில் ஐந்து இருந்தால் இன்னொன்று வாங்கலாமா விடலாமா என்று யோசிக்க இடமிருந்தது. இயான் ஃபிளெமிங் 1953இல் எழுதிய முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலில் நாயகன் ஆடுவது அந்த வகை. இன்று சிங்கப்பூரிலும் மக்காவ் நகரிலும் ஆடுகிற வகையில் அந்த ஒரு யோசனையையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு கைக்கும் இரண்டிரண்டு சீட்டு. எந்தக் கைக்காவது எட்டோ ஒன்பதோ வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வராவிட்டால் முதலில் பிளேயர். ஐந்து வரை இருந்தால் மூன்றாம் சீட்டு உண்டு. ஆறும் ஏழும் நிற்க வேண்டும். பிளேயர் நின்றுவிட்டால் பேங்கருக்கும் இதே விதி. பிளேயர் மூன்றாம் சீட்டு வாங்கிவிட்டால்தான் சிக்கல். அப்போது பேங்கர், பிளேயருக்கு வந்த அந்த மூன்றாம் சீட்டைப் பார்த்து நடக்க வேண்டும். இதைப் பயிற்சியாளர் ஒரு அட்டவணையாகக் கொடுத்தார். எனக்கு அட்டவணை மண்டையில் ஏறவில்லை. சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி ராகம் போட்டுத்தான் ஏற்றினேன். எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போதெல்லாம் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே போவேன்: சுழி, ஒன்று, இரண்டுக்கு எப்போதும் உண்டு, மூன்றுக்கு எட்டு ஆகாது, மற்றதெல்லாம் ஆகும், நான்குக்கு இரண்டு முதல் ஏழு, ஐந்துக்கு நான்கு முதல் ஏழு, ஆறுக்கு ஆறும் ஏழும், ஏழு நிற்கும்.

இவ்வளவு ஒப்பித்தும் மூன்றாவது மாதம் அந்த 'மூன்றுக்கு எட்டு' இடத்திலேயே தவறினேன்.

சனிக்கிழமை இரவு. மேசை நிறைய ஆட்கள். பிளேயருக்கு நான்கும் ஏஸும், ஐந்து. மூன்றாம் சீட்டு எட்டு. கூட்டினால் பதின்மூன்று, அதாவது மூன்று. பேங்கரிடம் ராஜாவும் மூன்றும். நான் நிறுத்தியிருக்க வேண்டும். கை தன்பாட்டுக்கு ஷூவிலிருந்து இன்னொரு சீட்டை உருவிப் போட்டுவிட்டது. ஆறு. பேங்கர் ஒன்பது! மேசையே எழுந்து கத்தியது. அந்தச் சத்தம் அடங்கும் முன் என் தோளுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் கை காட்டினார். நிறுத்தம். கேமராவில் பார்த்தார்கள். அந்த ஆறு செல்லாது. மூன்றுக்கு மூன்று, சமம். பேங்கர் பக்கம் வைத்தவர்களுக்கு வைத்த பணம் மட்டும் திரும்பிப் போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கோபம் எல்லாருக்கும். ஒருவர் மேசையை அறைந்தார். சீட்டின் வரிசையே கெட்டுப்போனது, இனி இந்த ஷூ உருப்படாது என்றார் இன்னொருவர்.

அன்று பேங்கர் பக்கம் அதிகம் வைத்திருந்தவர் ஒரு சீன மூதாட்டி. அறுபத்தைந்து இருக்கும். கையில் பச்சை ஜேட் வளையல். மதிப்பெண் தாளும், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சிவப்பு நீலப் பேனா இரண்டும் எப்போதும் அவர் முன்னால் இருக்கும். சிவப்பில் வட்டம் போடப் பேனாவைத் தூக்கியவர் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கத்தியவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அங்கிள் புதுசு. மூச்சு விடட்டும், விடுங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் என் கை நடுக்கம் நின்றது. ஓய்வு நேரத்தில் மேற்பார்வையாளர் என்னைத் தேடி வந்தார். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்து, ஒரு டிஷ்யூத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். "அங்கிள், பிளேயர் சீட்டு வாங்கினா அவர்கிட்ட சுழியிலேர்ந்து அஞ்சு வரைதான் இருந்திருக்கும். அதுல எட்டைக் கூட்டிப் பாருங்க." கூட்டிப் பார்த்தேன். எட்டு, ஒன்பது, சுழி, ஒன்று, இரண்டு, மூன்று. "இதுல எத்தனை மூணைவிடக் கம்மி?" மூன்று கை. இன்னொன்று சமம். மூன்றை வைத்துக்கொண்டு நிற்பதுதான் பேங்கருக்கு லாபம். அவ்வளவுதான் விஷயம். ராகம் போட்டு மூன்று மாதம் ஒப்பித்ததை மூன்று நிமிடத்தில் புரியவைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த இடத்தில் நான் தவறியதே இல்லை. அந்தத் தாளை வெகுநாள் பர்ஸில் வைத்திருந்தேன்.

அந்த மூதாட்டியை அதன் பிறகு அடிக்கடி பார்த்தேன். அவர் சீட்டைத் திறக்கும் அழகைச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்தில் அதிகம் வைத்தவருக்கு அந்தப் பக்கத்துச் சீட்டைத் தாமே திறக்கும் உரிமை உண்டு. அவர் சீட்டை நீளவாக்கில் கவிழ்த்து வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓரத்தை இம்மி இம்மியாக மடக்கி உயர்த்துவார். ஓரத்தில் ஒன்றுமே தெரியாவிட்டால் ஏஸ், இரண்டு, மூன்று. இரண்டு புள்ளி தெரிந்தால் நான்கு அல்லது ஐந்து. மூன்று தெரிந்தால் ஆறு, ஏழு, எட்டு. நான்கு என்றால் ஒன்பது அல்லது பத்து. கோடு தெரிந்தால் படச் சீட்டு. "மூணு பக்கம்" என்று முணுமுணுத்துவிட்டு, நடுவில் புள்ளி இருக்கக் கூடாது என்றால் சீட்டின் மேல் 'ஃபூ' என்று ஊதுவார். புள்ளியை ஊதிப் பறக்கவிட முடியும் என்பது போல. மேசையில் இருக்கும் எல்லாரும் கூடவே ஊதுவார்கள். அப்படி மடங்கிய சீட்டை மறுபடி கட்டில் சேர்க்க மாட்டோம். ஒரு முறை ஆடியதோடு அதன் ஆயுள் முடிந்தது.

இனி மதிப்பெண் தாள். பேரன் அதிகம் ரசித்தது இதைத்தான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வட்டம் போட வேண்டும். பேங்கர் வென்றால் சிவப்பு, பிளேயர் வென்றால் நீலம். ஆறு கட்டம் உயரமுள்ள தாள். ஒரே பக்கம் வென்றுகொண்டிருக்கும் வரை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகலாம். பக்கம் மாறினால் அடுத்த பத்தி. சமமானால் தனி வட்டம் இல்லை, கடைசி வட்டத்தின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு. இதற்குப் பெரிய பாதை என்று பெயர். ஆறு கட்டமும் நிறைந்த பிறகும் அதே நிறம் வந்தால், வால் வலப்பக்கம் திரும்பும். சீனர்கள் அதை டிராகன் என்பார்கள். பெரிய பாதையிலிருந்து இன்னும் மூன்று பாதை கிளைக்கும். பெரிய கண் பையன், சிறு பாதை, கரப்பான் பாதை. அவற்றில் சிவப்பும் நீலமும் பேங்கரையும் பிளேயரையும் குறிப்பதில்லை. பெரிய பாதையில் பத்திகள் ஒழுங்காகத் திரும்பி வருகின்றனவா, தாறுமாறாக வருகின்றனவா என்பதைக் குறிக்கும். எத்தனை நுட்பமான கணக்கு! கிடங்கில் நான் எழுதிய பேரேடு இதன் முன் ஒன்றுமில்லை.

தாளும் பேனாவும் கூடமே இலவசமாகக் கொடுக்கும். மேசைக்குப் பக்கத்தில் பெரிய மின்திரையிலும் அதே பாதைகள் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் தங்களுக்கு ஒரு காசு குறையாது என்று அவர்களுக்குத் தெரியும். நடந்து முடிந்ததைத் தாள் பிசகில்லாமல் சொல்கிறது. வரப்போவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எட்டுக் கட்டுச் சீட்டில் போன கை வரும் கைக்குக் கண்ணில் படும்படி எந்த வித்தியாசமும் செய்வதில்லை. ஆனால் ஆறு சிவப்பு வரிசையாக நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு இதை யார் சொல்லிப் புரியவைப்பது? மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே சில இரவுகளில் அடுத்தது சிவப்புதான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்படி ஒரு இரவில்தான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். மூன்றுக்கு எட்டு விஷயத்தை நான் தவறாகவே எண்ணுவதில்லை. இதை இன்றுவரை எண்ணுகிறேன்.

இரண்டாம் ஆண்டு. நள்ளிரவு தாண்டிவிட்டது. மேசையில் அந்த மூதாட்டியும் இன்னும் இருவரும். பேங்கர் ஏழு முறை தொடர்ந்து வென்றிருந்தது. தாளில் டிராகனின் வால் திரும்பிவிட்டது. ஆனால் மூதாட்டிக்கு அன்று முதலிலிருந்தே இறங்குமுகம். டிராகனில் ஏறுவதற்குத் தாமதமாகிவிட்டது. மிச்சமிருந்த பந்தயச் சில்லுகளைக் கையில் எடுத்து இரண்டு அடுக்காக வைத்தார், ஒரே அடுக்காக்கினார், மறுபடி பிரித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அங்கிள், இது இன்னும் ஓடுமா?"

டீலர் எதுவும் சொல்லக் கூடாது. அது விதி. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் நான் தவறிய அன்று என் மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அல்லவா? முகம் வாடிக் கேட்கிறாரே என்று ஒரு சிரிப்பு வந்துவிட்டது. தலையும் இலேசாக அசைந்துவிட்டது. நம் ஊர்த் தலையசைப்பு. ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று வைத்துக்கொண்டார். அடுக்கு முழுவதையும் பேங்கர் பக்கம் தள்ளினார்.

பிளேயர் ஒன்பது. முதல் இரண்டு சீட்டிலேயே. பேங்கர் ஆறு.

அவர் ஊதவும் இல்லை, கத்தவும் இல்லை. நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். இரண்டு பேனாவையும் சேர்த்து ரப்பர் பேண்டைச் சுற்றினார். கைப்பையை எடுத்துக்கொண்டு, "தேங்க்யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

சில ஆண்டுகள் கழித்து லண்டன் வழக்கு ஒன்றைச் செய்தியில் படித்தேன். ஃபில் ஐவி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2012இல் கிராக்ஃபோர்ட்ஸ் என்ற கூடத்தில் பக்கரா ஆடி 77 லட்சம் பவுண்டு வென்றார். சீட்டின் பின்பக்கச் சித்திரம் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் மயிரிழை வித்தியாசப்படுவதை அவரும் அவருடன் வந்த பெண்ணும் கவனித்திருக்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்காக என்று சொல்லி, நல்ல சீட்டுகளை மட்டும் டீலரை விட்டே தலைகீழாகத் திருப்பி வைக்கச் செய்திருக்கிறார்கள். 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது ஏமாற்றுதான், பணம் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. எல்லாரும் ஐவியைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்த டீலரையே நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் ஆசைப்படுகிறாரே, சீட்டைத் திருப்பி வைத்தால் என்ன போகிறது என்றுதானே செய்திருப்பார்? அந்த மேசையில் டீலரின் சின்ன அசைவுக்கும் விலை உண்டு. எனக்கு அது ஒரு தலையசைப்பில் தெரிந்தது.

அன்று பேங்கர் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பலமுறை யோசித்திருக்கிறேன். நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் அடுத்த நாள் வந்து, அடுத்த அடுக்கைத் தள்ளும் முன் மறுபடி என் முகத்தைப் பார்த்திருப்பார். அது இதைவிடக் கேடு. பிறர் மனம் நோகக் கூடாது என்று தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு வெகுகாலமாகவே இருந்தது. பட்டறையில் சாமான் எப்போது வரும் என்று கேட்பவர்களிடம், நாளைக்கு வந்துடும் என்பேன். வீட்டிலும் அப்படித்தான். அதை நல்ல குணம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் வந்துதான் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன்.

மூதாட்டி அதன் பிறகு என் மேசைக்கு வரவில்லை. இங்கே குடிமக்கள் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலிலிருந்து அது 150 ஆயிற்று. தம்மை உள்ளே விட வேண்டாம் என்று தாமே எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. குடும்பத்தாரும் மனுக் கொடுக்கலாம். அவர் பிள்ளைகள் யாராவது கொடுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அறுபது முடிந்ததும் நானும் வேலையை விட்டேன். கடைசி நாள் மேசையை விட்டு விலகும்போது வழக்கம்போல இரண்டு உள்ளங்கையையும் தட்டி, விரித்து, மேலே கேமராவுக்குக் காட்டினேன். கையில் எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு அடையாளம் அது.

பேரனுக்குக் கணக்கையும் காட்டினேன். நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 46 பேங்கர், 45 பிளேயர், ஒன்பது பத்து சமம். பின்னால் ஆடுகிற பேங்கர், முன்னால் விழுந்த சீட்டைப் பார்த்து நடப்பதால் அந்தப் பக்கம் சற்றுக் கனம். அதை ஈடுகட்டத்தான் பேங்கரில் வென்றால் நூற்றுக்கு ஐந்து கமிஷன் பிடிக்கிறார்கள். இருபது கொட்டை வைத்து வென்றால் பத்தொன்பதுதான் கையில் வரும். அந்த ஒரு கொட்டையை நான் எவர்சில்வர் டம்ளரில் போட்டுக்கொண்டே வந்தேன். ஆட்டத்துக்கு நூறு வெள்ளி வீதம் எழுபது ஆட்டம் ஆடினால், பேங்கரிலேயே இருந்தாலும் சராசரியாக 74 வெள்ளி போகும். பிளேயரில் 86 வெள்ளி. டை வென்றால் ஒன்றுக்கு எட்டுத் தருகிறார்களே என்று அதிலேயே வைத்துக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 1,000 வெள்ளி. வரிசை வரிசையாகப் பாதை போட்டு ஆடினாலும், கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் இதுதான்.

மாலை வரை ஆடினோம். பாட்டி இரண்டு முறை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, டம்ளரில் ஏறிக்கொண்டிருந்த கொட்டைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பேரன் தன் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் சிவப்பு, நீல வட்டங்களை அழகாக வரைந்துகொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் சிவப்பு ஆறு கட்டமும் இறங்கி வலப்பக்கம் திரும்பியது. அவன் பேனாவைக் கீழே வைத்தான். முன்னால் இருந்த கொட்டைகளை இரண்டு குவியலாக வைத்தான், ஒன்றாக்கினான். கண்கள் பளபளத்தன.

"தாத்தா, உங்களுக்கு இதுல எவ்வளவு அனுபவம்! சொல்லுங்க, அடுத்ததும் பேங்கர்தானே?"

என் தலை அசையாமல் பார்த்துக்கொண்டேன். அவன் ஆசையாக என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாதுப்பா" என்றேன்.

அவன் ஒரே ஒரு கொட்டையை எடுத்து நடுவில் வைத்தான். நான் சீட்டை உருவினேன்.